பிளான் கீறுவதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

இலங்கையின் மலையகத்தில் வீடு கட்ட ஆயத்தமாகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், கட்டடக் கலைஞரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது தொடர்பானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களுடன்தான். அட்டனுக்குப் பக்கத்தில் 10 பேர்ச்சஸ் (சுமார் 2,700 சதுர அடி) காணி வாங்கியிருக்கிறோம். கட்டடக் கலைஞரிடம் "மூன்று காம்பரா, இரண்டு பாத்ரூம், ஹோல், சமையலறை" என்று சொன்னோம். "இது போதாது, தேவைகளை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். இதற்கு மேல் என்ன எழுதுவது?
– வாசகி, கொட்டகலை

பதில்: அவர் செய்தது சரி. நீங்கள் சொன்ன பட்டியலைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்து வீடுகள் வரும். பத்தும் பட்டியலுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்துமா என்பதுதான் தெரியாது. அறைகளைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் ஆட்கள், பிறகு அவர்களுடைய நேரம், பிறகு பொருட்கள்.

ஆட்கள் என்றால் பெயரும் வயதும் மட்டும் போதாது. பத்து வருடத்துக்குப் பிறகு அந்த வயது என்ன ஆகும் என்றும் எழுதுங்கள். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் அந்த ஒரு வரியே சரிவுக் காணியில் பாதிப் பிளானைத் தீர்மானித்துவிடும். வாசல், அவருடைய காம்பரா, கழிப்பறை, சாப்பிடும் இடம் நான்கும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். பாத்ரூம் கதவு வழக்கமான இரண்டரை அடியாக இல்லாமல் 3 அடியாக வேண்டும். குந்தி இருக்கும் மலசலகூடமா, கொமோட்டா என்பதையும் இப்போதே சொல்ல வேண்டும். இதையெல்லாம் சுவர் எழும்பிய பிறகு சொன்னால் மேசன் பாஸ் (கொத்தனார்) உளியோடுதான் வருவார்.

அடுத்தது நேரம். காலை 5 மணிக்கும் 6.30க்கும் இடையில் வீட்டில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் பாடசாலைக்குப் புறப்படும் வீட்டில், எல்லாம் ஒன்றாக உள்ள இரண்டு பெரிய பாத்ரூமைவிட, குளிக்கும் இடமும் கழிப்பறையும் தனித்தனியாக இருப்பது வசதி. ஒரு பாத்ரூமுக்கான இடத்தையே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். மாலையில் வீட்டில் டியூஷன் கொடுப்பீர்களா? 15 பிள்ளைகள் வந்தால் செருப்பும் குடையும் எங்கே, அவர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போவார்கள், அந்த நேரத்தில் மாமியார் எங்கே இருப்பார்? இதற்கு விடை எழுதும்போதே இஸ்தோப்பை (முன் விறாந்தையை) ஒட்டி, தனிக் கதவுடன் ஓர் அறை வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

பொருட்களைப் பொறுத்தவரை இருக்கிற தளபாடங்களை அளந்து எழுதுங்கள். 4 அடி அலுமாரி என்றால் அதன் கதவு திறக்க முன்னால் 2 அடி வேண்டும். 10 அடிக்கு 10 அடிக் காம்பராவில் 5 அடிக் கட்டிலைப் போட்டு, ஜன்னலையும் கதவையும் தவறான சுவரில் வைத்துவிட்டால் அலுமாரிக்கு இடமே இராது.

மலைநாட்டில் தவறாமல் எழுத வேண்டிய, ஆனால் பெரும்பாலும் விடுபட்டுப்போகிற மூன்று விடயங்கள் உண்டு.

ஒன்று, துணி காயப்போடும் இடம். அட்டன் பக்கத்தில் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பிற்பகலில் மூடுபனி. கூரை உள்ள, இரண்டு பக்கம் காற்றுப் பிடிக்கிற, முடிந்தால் கிழக்குப் பார்த்த ஓர் இடம் 6 அடிக்கு 8 அடியாவது இல்லாவிட்டால் ஈரத்துணி எல்லாம் ஹோலுக்குள் வரும். அதோடு சுவரில் பூஞ்சணமும் வரும்.

இரண்டு, விறகு. காஸ் அடுப்பு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டை நினைத்துப் பார்க்கட்டும். விறகடுப்பு வேண்டுமா, தண்ணீர் காய்ச்சவும் குளிர்காயவும் அதையா பயன்படுத்துகிறீர்கள், ஒரு மாத விறகை நனையாமல் எங்கே அடுக்குவீர்கள் என்று எழுதுங்கள். புகைபோக்கி கூரை முகட்டைத் தாண்டி மேலே போக வேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் காற்று திரும்பிப் புகையை வீட்டுக்குள்ளேயே தள்ளும்.

மூன்று, கூரைத் தண்ணீர். 1,300 சதுர அடிக் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 12,000 லீட்டர் தண்ணீர் இறங்கும். அது பீலி வழியாக எந்தக் கானுக்கு (வடிகாலுக்கு) போகிறது, அந்தக் கான் யாருடைய காணிக்குள் போகிறது என்பதும் உங்கள் தேவைப்பட்டியலில் ஒரு வரிதான்.

இதற்குப் பிறகு அறைகளை எழுதி, அளவு போட்டுக் கூட்டுங்கள். உங்கள் குடும்பத்துக்கு இப்படி வரலாம்: பெரிய காம்பரா 120, மற்ற இரண்டு காம்பராக்கள் தலா 100, ஹோலும் சாப்பாட்டு இடமும் சேர்த்து 216, சமையலறை 80, விறகுக் குசினி 48, குளியலறை கழிப்பறைகளுக்கு 80, சாமி இடம் 16, இஸ்தோப்பு 72. மொத்தம் 832 சதுர அடி. இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். சுவர்களின் கனத்துக்கும் நடைவழிக்கும் இன்னும் கால் பங்கு சேர்க்க வேண்டும்: 208. ஆக 1,040 சதுர அடி. துணி காயப்போடும் இடமும் டியூஷன் அறையும் இதற்கு வெளியே. இந்த மொத்தத்தை உங்கள் பகுதியில் இன்று நடக்கிற சதுர அடி விலையால் பெருக்கிப் பாருங்கள். கையிலுள்ள பணத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டியது இப்போதுதான். ஒரு கோடு கீறுவதற்கு முன்னால்.

வெட்டுவதற்கு வசதியாக ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று போடுங்கள். 1 இல்லாமல் குடிபோக முடியாதது, 2 இருந்தால் நல்லது, 3 பிறகு சேர்க்கலாம். கணவன் மனைவி இருவரும் தனித்தனித் தாளில், மற்றவரைப் பார்க்காமல் போட வேண்டும். இருவருக்கும் எங்கே இலக்கம் வேறுபடுகிறதோ அந்த வரிகளில்தான் பின்னால் சண்டை வரும். அதைக் கட்டடக் கலைஞரின் மேசையிலேயே பேசி முடித்துவிடலாம்.

பேஸ்புக்கில் பிடித்த வீட்டுப் படங்களைக் கொண்டுபோவதில் தப்பில்லை. ஒவ்வொரு படத்திலும் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி போன்ற தட்டைக் கூரை வீடு மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சரிவரலாம். அட்டன் மழைக்குச் சாய்வுக் கூரையும் சுவரைத் தாண்டி 3 அடி நீளும் இறப்பும் (கூரை விளிம்பும்) வேண்டும். உங்களுக்கு அந்தப் படத்தில் பிடித்தது பெரிய ஜன்னலாக மட்டும் இருந்தால் அதைச் சாய்வுக் கூரை வீட்டிலும் வைக்கலாம்.

கடைசியாக ஒன்று: நீங்கள் கொடுத்ததை அவர் தன் வார்த்தையில் எழுதி, அறை வாரியாக அளவுப் பட்டியலுடன் திருப்பித் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்ட பிறகே முதல் வரைபடம். எத்தனை தடவை திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். முதல் வரைபடம் வந்ததும் தட்டையான ஒரு மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் கோடு போட்டு, குடும்பத்தோடு அதற்குள் நடந்து பாருங்கள். தாளில் தெரியாத நெருக்கடி அங்கே தெரியும்.

கேள்வி: எங்கள் காணி நல்ல சரிவு. வீட்டுத் தேவைகள் சரி, காணியைப் பற்றிக் கட்டடக் கலைஞருக்கு நாங்கள் என்ன கொடுக்க வேண்டும்? சர்வே பிளான் இருக்கிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: சாதாரண சர்வே பிளானில் எல்லையும் விஸ்தீரணமும்தான் இருக்கும், மேடு பள்ளம் இராது. சர்வேயரிடம் மட்டக் கோடுகளுடன் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இன்னொரு படம் கேளுங்கள். வீதியின் மட்டம், பெரிய மரங்கள், பாறைகள், இருக்கிற கான்கள், மேல் வீட்டுக்காரரின் மலக்குழி, மின்கம்பி ஆகியவை அதில் குறிக்கப்பட வேண்டும். இதற்குச் செலவாகும் பணம், தெரியாமல் வெட்டிய மண்ணைக் கட்டி நிறுத்தும் செலவுக்கு முன் ஒன்றுமேயில்லை.

ஊற்றுகள் வெயில் காலத்தில் கண்ணில் படா. ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒருமுறை காணியைப் போய்ப் பாருங்கள்; பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். அடிமரம் வளைந்து நிற்கும் மரங்கள், தரையில் பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்த வேலிக்கட்டைகள் ஆகியவை மண் நகர்வதன் அடையாளங்கள்.

பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன், என்.பி.ஆர்.ஓ. என்று எல்லாரும் சொல்லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை தேவை. பலர் பிளானை முடித்துவிட்டுப் பிரதேச சபைக்குப் போன பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். எவ்வளவு உயரத்துக்கு மண் வெட்டலாம், எங்கே கான் வெட்ட வேண்டும், எங்கே தடுப்புச் சுவர் வேண்டும் என்று அந்த அறிக்கையில் நிபந்தனைகள் வரும். அவையும் தேவைப்பட்டியலின் பகுதிதான். ஆகவே அறிக்கை முதலில், பிளான் பிறகு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவையும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் பட்டதையும் பார்த்த பிறகு இதைச் சம்பிரதாயக் கடுதாசி என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

சரிவு உங்கள் தேவைகளை எப்படி மாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. காணி 45 அடிக்கு 60 அடி. 60 அடி நீளத்தில் 15 அடி இறக்கம் என்று வையுங்கள். வீடு 30 அடி ஆழம் என்றால் அதன் முன்னுக்கும் பின்னுக்கும் ஏழரை அடி வித்தியாசம். ஒரே மட்டத்தில் கட்டினால் பாதியை வெட்டிப் பாதியை நிரப்ப வேண்டும். நிரப்பிய பக்கம் நாளடைவில் இறங்கும், வெட்டிய பக்கம் இறங்காது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுவர் வெடிக்கும். 15 அடிக்கு ஒன்றாக இரண்டு மட்டமாகப் பிரித்தால் ஒவ்வொரு மட்டத்துக்கும் வெட்டும் நிரப்பும் பாதியாகும். நடுவில் 3 அடி 9 அங்குல வித்தியாசம், அதாவது ஆறரை அங்குல அளவில் 7 படிகள். ஏறி இறங்க முடியாதவர் வீட்டில் இருக்கிறாரா என்ற கேள்வி இங்கே திரும்பவும் வரும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற விலைக்குள் தடுப்புச் சுவர், கான், வெளிப்படி, மலக்குழி, தண்ணீர்த் தாங்கி, மின் இணைப்பு எதுவும் அடங்காது என்பதை ஞாபகம் வைத்திருங்கள். அவற்றுக்குத் தனி வரி போட்டு, அதற்கு மேல் 10 முதல் 15 சதவீதம் கைக்காவலாக ஒதுக்குங்கள். லொறி காணிக்கு எவ்வளவு கிட்ட வரும் என்பதையும் எழுதுங்கள். 200 அடி தள்ளி நிற்கும் என்றால் ஒவ்வொரு 50 கிலோ சீமெந்து மூட்டையும், ஒவ்வொரு கல்லும் ஆளால்தான் வரும். அந்தக் கூலி அளவுப் பட்டியலில் இல்லாவிட்டால் கொந்தராத்துகாரர் பாதியில் கேட்பார்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பி, 3 அங்குலக் குழாய்களை 4, 5 அடிக்கு ஒன்றாக விட்டு, சேர்கிற தண்ணீருக்கு வழி வைக்க வேண்டும். சுவரைத் தள்ளி விழுத்துவது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீர்தான். அதே காரணத்தால் மலக்குழியின் உறிஞ்சு குழியை வெட்டிய மண்ணின் மேல் விளிம்பிலோ தடுப்புச் சுவரின் பின்னாலோ வைக்கக் கூடாது. குடிநீர்க் கிணறு இருந்தால் அதிலிருந்து 60 அடியாவது தள்ளியிருக்கட்டும்.

கேள்வி: வாஸ்து பார்ப்பவரை எந்தக் கட்டத்தில் கூப்பிடுவது?
– வாசகர், மாத்தளை

பதில்: நம்பிக்கை உள்ளவர்கள் முதல் வரைபடத்துக்கு முன்பே கூப்பிட வேண்டும். அவர் சொல்வதையும் 1, 2, 3 போட்டு அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அனுமதி கிடைத்த பிளானில் சமையலறையை மறு மூலைக்கு மாற்றச் சொன்னால் தண்ணீர்க் குழாய், புகைபோக்கி, மலக்குழி எல்லாம் சேர்ந்து நகரும். சபைக்கும் திரும்பப் போக வேண்டும். சரிவுக் காணியில் வாசலின் திசையை வீதிதான் தீர்மானிக்கிறது. அதில் அவர் விட்டுக்கொடுப்பாரா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நிலை வைக்கும் நாளை மட்டும் பார்ப்பதென்றால் அதைப் பாஸிடம் சொன்னால் போதும்.

கேள்வி: அண்ணன் கட்டாரில் இருந்து பணம் அனுப்புகிறார். அப்பாவும் அம்மாவும் குடியிருப்பார்கள். வேலையைப் பார்ப்பது நான். மூன்று பேரும் கட்டடக் கலைஞரிடம் மூன்று விதமாகச் சொல்கிறோம், அவர் சலித்துக்கொள்கிறார். என்ன வழி?
– வாசகர், நோர்வூட்

பதில்: சலித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? கையெழுத்திடுபவர் ஒருவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் பேசலாம், ஆனால் அவருடைய கையெழுத்தில்லாத எதுவும் வரைபடத்துக்குள் போகக் கூடாது. இரவில் வரும் வட்ஸ்அப் குரல் செய்தி அறிவுறுத்தலாகாது என்பதைக் கட்டடக் கலைஞருக்கும் சொல்லிவிடுங்கள். பொறுப்பைப் பிரிப்பது எளிது: பண உச்சவரம்பு அண்ணனுடையது, அறைகளின் ஒழுங்கு குடியிருக்கும் அப்பா அம்மாவுடையது, பொருளும் கூலியும் உங்களுடையது.

அண்ணன் மேல் மாடியில் பல்கனியுடன் ஓர் அறை கேட்டிருப்பார், பெரும்பாலும் கேட்பார்கள். வருடத்தில் ஒரு மாதம் அவர் தங்கும் அறை, மற்றப் பதினொரு மாதமும் பூட்டிக் கிடக்கும். மலைநாட்டில் பூட்டிய அறைக்குள் மெத்தையும் அலுமாரியும் பூஞ்சணம் பிடிக்கும். அதே அறையைக் கீழே, அப்பா அம்மா தினமும் திறக்கும் இடத்தில் வைத்து, அவர் வரும்போது அவருக்குக் கொடுப்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். முடிவு உங்கள் வீட்டில்.

பணம் எப்படி வரும் என்பதையும் கட்டடக் கலைஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தவணையாக வருமானால், நிறுத்தி வைக்கக்கூடிய இடங்களை அவர் முன்கூட்டியே வகுப்பார். அத்திவாரமும் தரைமட்டமும் முடித்து நிறுத்தலாம். கூரை போட்டு முடித்து நிறுத்தலாம். நடுவில், சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நிற்கும் கட்டத்தில் நிறுத்தினால் மழை சுவரை ஊறவைக்கும், நீட்டி நிற்கும் கம்பி துருப்பிடிக்கும். உங்கள் நோர்வூட் பக்கத்தில் மே மாதத்துக்கு முன் கூரை போட்டுவிட வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் ஒக்டோபருக்கு முன்.

கேள்வி: இப்போதைக்குக் கீழ் வீடு, பிறகு மாடி என்பது திட்டம். அதனால் கூரைக்குப் பதில் சிலாப் போடச் சொல்கிறார் மேசன் பாஸ். சரியா?
– வாசகி, நாவலப்பிட்டி

பதில்: "பிறகு" என்றால் எத்தனை வருடம் என்று முதலில் எழுதுங்கள். ஐந்து வருடத்துக்குள் என்றால் சிலாப்புக்கு அர்த்தம் உண்டு. பத்துக்கு மேல் என்றால் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்றே தெரியாது. அந்தப் பணத்தை நல்ல கூரையில் போடுங்கள்.

மாடி வருவதாக இருந்தால் அத்திவாரமும் தூண்களும் இரண்டு தட்டுக்கும் சேர்த்து எஞ்சினியரால் கணக்கிடப்பட வேண்டும். சபைக்கும் என்.பி.ஆர்.ஓ.வுக்கும் இரண்டு தட்டாகவே காட்ட வேண்டும். ஒரு தட்டுக்குப் போட்ட அத்திவாரத்தில் பிறகு மாடி ஏற்றுவது எங்கும் ஆபத்து, சரிவில் இன்னும் ஆபத்து. படிக்கட்டின் இடத்தையும் இப்போதே விட வேண்டும். 10 அடி உயரத்துக்கு 7 அங்குலப் படிகள் 17 வேண்டும். நடுவில் திரும்பும் படிக்கட்டுக்கு ஆறரை அடிக்குப் பத்தடி, ஏறக்குறைய 65 சதுர அடி. அந்த இடத்தை மாடி வரும்வரை களஞ்சியமாக வைத்திருக்கலாம். இடம் விடாதவர்கள் பின்னால் படியை வெளியே வைத்து, மழையில் நனைந்து ஏறுகிறார்கள்.

நாவலப்பிட்டி மழைக்குத் திறந்த சிலாப் கசியும். சிலாப் போட்டாலும் அதற்கு மேல் தகட்டுக் கூரை ஒன்று வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேருங்கள். மாடித் தூண்களுக்காக நீட்டிவிடும் கம்பிகளைச் சீமெந்துப் பால் (தண்ணீரில் கரைத்த சீமெந்து) பூசி, மெலிந்த கொங்கிறீட்டால் மூடி வையுங்கள்.

கேள்வி: 7 பேர்ச்சஸில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு. மகனுக்குக் கல்யாணம், பின்னால் 10 அடிக்கு ஒரு காம்பரா இறக்க வேண்டும். இதற்கும் பிளான் தேவையா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: தேவை. முதலில் காணிப் பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்து, சேர்த்துக் கட்டுவதற்கான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகும் பின்பக்கம் இறக்குவதற்கு அவசரப்பட வேண்டாம். தகட்டுக் கூரைக்கு 15 பாகைச் சாய்வு வேண்டுமென்றால் 10 அடி ஆழத்துக்கு 2 அடி 8 அங்குலம் இறங்கும். உங்கள் இறப்பின் உயரம் 8 அடி என்றால் புதுக் காம்பராவின் கடைசியில் கூரை 5 அடி 4 அங்குலத்தில் நிற்கும்; மாப்பிள்ளை குனிந்துதான் போக வேண்டும். சாய்வைக் குறைத்தால் தகடு சேரும் இடத்தில் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். இதோடு நடுக்காம்பராவின் ஜன்னல் அடைபட்டு, அங்கே பகலிலும் லைட் போட வேண்டிவரும். பின்னால் மேடு என்றால் மண்ணும் வெட்ட வேண்டும்.

முகடு முடியும் பக்கச் சுவரை ஒட்டி, அதே கூரையை அதே உயரத்தில் நீட்டினால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் இடம் போதாவிட்டால் 10 அடியை 8 அடியாக்கி நீளத்தைக் கூட்டுங்கள். 7 பேர்ச்சஸ் என்பது 1,906 சதுர அடி. வீட்டைச் சுற்றிய கானையும் மலக்குழியையும் கழித்துவிட்டு மிச்சத்தை அளந்து பாருங்கள். புதுச் சுவரின் அத்திவாரத்தைப் பழைய அத்திவாரத்தின் ஆழத்துக்கே கொண்டுபோங்கள். பழைய சுவரோடு புதுச் சுவரைப் பல் வைத்து இணைக்க வேண்டாம். இடையில் அரை அங்குல இடைவெளி விட்டு, மேலே தகட்டுப் பட்டி அடித்தால் போதும். புதுப் பக்கம் கொஞ்சம் இறங்கினாலும் பழைய சுவர் வெடிக்காது.

கேள்வி: வேலை நடக்கும்போது சின்னச் சின்ன மாற்றம் கேட்டதற்கே கொந்தராத்துகாரர் பெரிய கணக்குக் காட்டுகிறார். இது நியாயமா?
– வாசகர், கம்பளை

பதில்: மாற்றம் எப்போது கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஜன்னலை 2 அடி தள்ளி வைப்பது வரைபடத்தில் இலவசம். கல் அடுக்கும் முன் ஒரு பேச்சு. லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் கொங்கிறீட் பட்டை) போட்ட பிறகு இடிப்பு, புது லிண்டல், பூச்சு, இரண்டு நாள் கூலி என்று நான்கு செலவு. ஆகவே பெரிய கணக்கு என்பதற்காகவே அது அநியாயம் ஆகிவிடாது; வாயால் பேசி, விலை தெரியாமல் செய்யச் சொன்னதுதான் சிக்கல். ஒரு சி.ஆர். கொப்பியை (தடித்த அட்டைக் குறிப்பேட்டை) வேலைத்தளத்தில் வையுங்கள். திகதி, என்ன மாற்றம், யார் கேட்டது, கூடும் அல்லது குறையும் தொகை, நீளும் நாட்கள் என ஐந்து கட்டம். வீட்டுக்காரரும் கொந்தராத்துகாரரும் கையெழுத்திட்ட பிறகே பாஸ் கரண்டியை எடுக்க வேண்டும். குறையும் தொகையையும் எழுதச் சொல்லுங்கள்; கைவிட்ட வேலைக்குரிய பணத்தைக் கழிக்க மறந்துவிடுவது எல்லாத் தளங்களிலும் நடக்கிறது.